முன்னால் உட்காருகிறவர்

ஆங்கில பாஷையிலிருந்து தமிழ் நாட்டுக்கு வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் இங்கேயே குடியேறிவிட்ட வார்த்தைகள் அநேகம். சில வார்த்தைகள் பெட்டி படுக்கையோடு ரெயிலில் வந்தவை. சில கோர்ட்டு வழியாக வந்தவை. சில கிரிக்கெட் பந்தைத் துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தவை. இவற்றுள் மிகுந்த செல்வாக்குடன் வாழும் வார்த்தை ஒன்று உண்டு. அதுதான் 'பிரஸிடெண்ட்'.

இந்த வார்த்தைக்குப் பெரிய இடம், சிறிய இடம் என்ற பேதமே கிடையாது. அமெரிக்க தேசத்தை ஆளுகிறவரும் பிரஸிடெண்ட். நம் கிராம ஊராட்சிக்குத் தலைவரும் பிரஸிடெண்ட். கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர், ஸங்கீத சபையில் ஒருவர், பஜனை மடத்தில் ஒருவர், கோயில் திருவிழாக் கமிட்டியில் ஒருவர் என்று ஒரே தெருவில் நாலு பிரஸிடெண்டுகள் வசிப்பதும் உண்டு. "பிரஸிடெண்ட் வருகிறார்!" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், வருவது வாஷிங்டனிலிருந்தா, வடக்குத் தெருவிலிருந்தா என்பதைச் சொல்லுகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் நிச்சயிக்க வேண்டும்.

வார்த்தைகளின் பூர்வோத்தரங்களை விசாரிப்பதில் நமக்கு வெகு நாளாக ஒரு சபலம் உண்டு. ஒரு மனிதரைப் பார்த்து, "உமக்குச் சொந்த ஊர் எது? தகப்பனார் யார்?" என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்ளக்கூடும். வார்த்தைகள் அப்படிக் கோபிப்பதில்லை. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகின்றன.

பிரஸிடெண்டின் பூர்வீகம் லத்தீன் பாஷை. அந்தப் பாஷையில் 'ப்ரே' என்றால் முன்னால். 'ஸெடேரே' என்றால் உட்காருதல். ஆக, பிரஸிடெண்ட் என்பவர் முன்னால் உட்காருகிறவர். அவ்வளவுதான்! வாளேந்துகிறவர், கட்டளையிடுகிறவர், கொடி பறக்க ரதத்தில் வருகிறவர் என்று எதுவும் அந்த வார்த்தைக்குள் இல்லை. ஓர் ஆசனமும், அதற்கு எதிரே ஒரு கூட்டமும் மாத்திரமே இருக்கின்றன.

இந்த லத்தீன் உறவினர் நமக்கும் தூரத்துப் பந்துதான். வடமொழியில் 'ஸத்' என்னும் தாதுவுக்கு உட்காருதல் என்று பொருள். சதஸ், பரிஷத், உபநிஷத் எல்லாம் அந்தக் குடும்பத்தில் பிறந்தவை. லத்தீன் 'ஸெடேரே'யும் வடமொழி 'ஸத்'தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது பாஷா சாஸ்திரிகளின் முடிவு. நம் பாட்டனார் காலத்துப் பத்திரிகைகளில் 'அக்கிராசனர்' என்ற பதம் அடிக்கடி காணப்படும். அக்கிரம் என்றால் முன், ஆசனம் என்றால் இருக்கை. லத்தீன்காரர் சொன்னதையே அணுவளவும் பிசகாமல் சொல்லும் பதம் அது. பிற்காலத்தில் 'தலைவர்' என்ற தமிழ்ச் சொல் வந்து அதன் ஸ்தானத்தைப் பெற்றது. நல்ல சொல்தான், ஆயினும் ஒரு வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அக்கிராசனர் முன்னால் இருப்பவர். தலைவரோ, தலையைப் போல் மேலே இருப்பவர். முன்னால் இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் நாம் இங்கே விசாரிக்க விரும்பும் விஷயம்.

பிரஸிடெண்டுக்கு நெருங்கிய சகோதரர் 'சேர்மன்'. நாற்காலி மனிதர் என்பது நேரான அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இந்த வார்த்தைக்கு இரண்டு பொருள்கள் வழங்கின. சபையில் நாற்காலியில் அமர்ந்து கூட்டத்தை நடத்துகிற கனவானும் சேர்மன். பெரிய மனிதர்களை நாற்காலிப் பல்லக்கில் வைத்துத் தெருவிலே தூக்கிச் சென்ற கூலிக்காரனும் சேர்மன்! ஒருவர் நாற்காலியின் மேலே, மற்றவர் நாற்காலியின் கீழே. பல்லக்குகள் ஒழிந்தபோது சுமக்கிறவர் என்ற பொருளும் ஒழிந்துவிட்டது. அது ஒழிந்திருக்க வேண்டியதில்லை என்பது நம்முடைய தாழ்மையான அபிப்பிராயம்.

இன்னும் இரண்டு சகோதரர்களும் இருக்கிறார்கள். ஒருவர் 'ரெஸிடெண்ட்'. தங்கி உட்கார்ந்துவிட்டவர் என்று பொருள். திருவிதாங்கூரிலும் ஹைதராபாத்திலும் பிரிட்டிஷ் ரெஸிடெண்ட் துரைமார்கள் எப்படித் தங்கி உட்கார்ந்தார்கள் என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். மற்றொருவர் 'டிஸ்ஸிடெண்ட்'. விலகி உட்காருகிறவர், அதாவது மாறுபட்ட அபிப்பிராயமுள்ளவர். முன்னால் உட்காருகிறவரும் விலகி உட்காருகிறவரும் ஒரே வேரில் கிளைத்தவர்கள் என்பதை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

இந்தியாவுக்குப் பிரஸிடெண்டை முதலில் கொண்டுவந்தது ஜனநாயகம் அல்ல, வியாபாரம். பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சூரத்திலும் சென்னையிலும் வைத்திருந்த வர்த்தக நிலையங்களில், கவுன்ஸில் கூடும்போது முன்னால் உட்கார்ந்த பெரிய வியாபாரிக்குப் பிரஸிடெண்ட் என்று பெயர். மிளகும் துணியும் விலை பேசுவது அவர் வேலை. அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்ட இடம் 'பிரஸிடென்ஸி' ஆயிற்று. வியாபாரம் ராஜ்யமாக மாறியபோது அந்தப் பெயரும் கூடவே வளர்ந்தது. 'மெட்ராஸ் பிரஸிடென்ஸி' என்பதைத் தமிழில் 'சென்னை ராஜதானி' என்று எழுதினார்கள். வெறுமனே உட்கார்ந்தவரை நம் மொழிபெயர்ப்பு ராஜாவாக்கிவிட்டது! 1840-ம் வருஷத்தில் தொடங்கிக் கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கும் பிரஸிடென்ஸி காலேஜுக்கு மாநிலக் கல்லூரி என்பது தமிழ்ப் பெயர். அந்தக் கட்டிடத்தைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் ஆங்கிலப் பெயருக்குள் ஒரு மிளகு வியாபாரி உட்கார்ந்திருப்பது தெரியும்?

பிரஸிடெண்ட் என்ற பெயரைத் தேசத்தின் உச்சியில் முதலில் ஏற்றி வைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1774-ல் அவர்களுடைய காங்கிரஸ் கூடியபோது கூட்டத்தை நடத்தியவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது அவரை எப்படி அழைப்பது என்று பெரிய விவாதம் மூண்டது. உப ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸுக்குப் பிரஸிடெண்ட் என்ற பெயர் பிடிக்கவே இல்லை. தீயணைக்கும் சங்கத்துக்கும் கிரிக்கெட் கிளப்புக்கும் கூடப் பிரஸிடெண்ட் இருக்கிறாரே என்பது அவருடைய அங்கலாய்ப்பு. அவர்களுடைய மேல்சபைக் கமிட்டி ஒன்று, 'மாட்சிமை தங்கிய, ஜனங்களின் சுதந்திரங்களுக்குப் பாதுகாவலரான' என்ற பொருளில் ஒரு நீண்ட பட்டத்தைச் சிபாரிசு செய்தது. கீழ்ச்சபையார் அதற்கு இணங்கவில்லை. முடிவில் வெறும் பிரஸிடெண்ட் என்பதே நிலைத்தது. ஆடம்ஸ் குறையென்று நினைத்ததே அந்தப் பெயரின் குணம் என்று நமக்குத் தோன்றுகிறது. தேசத்தை ஆளுகிறவரும் தீயணைக்கும் சங்கத்தை நடத்துகிறவரும் ஒரே பெயரைச் சுமந்தால், ஆளுகிறவருக்குத் தலைக்கனம் ஏறாமலிருக்க ஒரு சிறு வழியாவது உண்டல்லவா?

நம் தேசத்தில் அந்தப் பெயருக்குப் புதிய கௌரவத்தைக் கொடுத்தது காங்கிரஸ் மகாசபை. 1885-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடினார்கள். உமேஷ் சந்திர பானர்ஜி அக்கிராசனம் வகித்தார். சாதாரணமாக வருஷத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஓர் அக்கிராசனர் என்று முறை ஏற்பட்டது. 1887-ல் சென்னையில் கூடியபோது பத்ருதீன் தயாப்ஜி, 1917-ல் கல்கத்தாவில் அன்னி பெஸண்ட் அம்மையார், 1920-ல் நாகபுரியில் நம் சேலம் விஜயராகவாச்சாரியார், 1925-ல் கான்பூரில் ஸரோஜினி தேவியார் என்று அந்த ஆசனம் மதம், மாகாணம், ஆண் பெண் என்ற பேதங்களைத் தாண்டிச் சென்றது.

இதில் ஒரு வருஷத்தை நாம் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறோம். 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய விசேஷ காங்கிரஸில் மகாத்மாவின் ஒத்துழையாமைத் தீர்மானம் வந்தது. அக்கிராசனராக அமர்ந்திருந்தவர் லாலா லஜபதி ராய். அந்தத் திட்டத்தில், விசேஷமாகப் பள்ளிக்கூட பகிஷ்காரத்தில், அவருக்குச் சம்மதம் இல்லை. ஆயினும் அவர் ஆசனத்தைத் தம் அபிப்பிராயத்துக்கு ஆயுதமாக்கவில்லை. விவாதம் நடந்தது, தீர்மானம் நிறைவேறியது, தம் ஆட்சேபங்களை முடிவுரையிலே சொன்னார். பஞ்சாபின் சிங்கம் என்று பெயர் பெற்றவர், தமக்குப் பிடிக்காத காரியம் தம் கண்ணெதிரில் வெற்றியடைவதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். 'முன்னால் உட்காருதல்' என்பதற்கு இதைவிட நல்ல வியாக்கியானம் வேண்டுமா?

மகாத்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காங்கிரஸ் அக்கிராசனராக இருந்தது ஒரே ஒரு தடவை, 1924-ல் பெல்காமில். 1934-ல் காங்கிரஸின் சாதாரண அங்கத்தினர் பதவியையும் விட்டு விலகினார். ஆனால் தேசம் அவர் பின்னால் நடந்தது. அவர் உட்கார்ந்த தலைவர் அல்ல, நடந்த தலைவர். நடக்கிறவருக்கு நாற்காலி எதற்கு?

1937 நவம்பரில் கல்கத்தா 'மாடர்ன் ரெவ்யூ' பத்திரிகையில் 'ராஷ்டிரபதி' என்று ஒரு கட்டுரை வெளியாயிற்று. அக்காலத்தில் காங்கிரஸ் அக்கிராசனரை ராஷ்டிரபதி என்று ஜனங்கள் அன்புடன் அழைப்பது வழக்கம். அப்போது அந்த ஆசனத்தில் இருந்தவர் பண்டித ஜவாஹர்லால் நேரு. கட்டுரை எழுதியவரின் பெயர் 'சாணக்கியன்' என்று போட்டிருந்தது. இந்த ஜவாஹர்லாலிடம் ஜாக்கிரதையாக இருங்கள், ஜனக்கூட்டத்தின் ஆரவாரம் இவரைச் சர்வாதிகாரியாக்கிவிடக்கூடும், மூன்றாம் முறையாக இவரை அக்கிராசனராக்காதீர்கள் என்பது அதன் சாரம். கட்டுரையைப் படித்துக் கோபித்தவர்கள் உண்டு. அதை எழுதிய சாணக்கியன் வேறு யாருமல்ல, ஜவாஹர்லால் நேருவேதான் என்பது பிறகுதான் வெளிப்பட்டது. தம் நாற்காலியைக் குறித்துத் தாமே எச்சரிக்கை எழுதிய பிரஸிடெண்ட் உலகத்தில் வேறு எத்தனை பேர்?

இந்த ஒரு வார்த்தையின் மூன்று அர்த்தங்களையும் தம் வாழ்நாளில் தாங்கியவர் ஒருவர் உண்டு. பாபு ராஜேந்திர பிரசாத் 1934-ல் காங்கிரஸ் பிரஸிடெண்ட். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையின் பிரஸிடெண்ட். 1950 ஜனவரி 26 முதல் இந்தியக் குடியரசின் பிரஸிடெண்ட். முதலாவது ஒரு கட்சியின் தலைமை. இரண்டாவது ஒரு சபையை நடத்தும் பொறுப்பு. மூன்றாவது ஒரு தேசத்தின் முதல் ஸ்தானம். வார்த்தை ஒன்றேதான்.

மூன்றாவது அர்த்தத்தை மொழிபெயர்ப்பதில் நம்மவர்கள் மறுபடியும் சிரமப்பட்டார்கள். ஹிந்தியில் ராஷ்டிரபதி. தமிழில் ஜனாதிபதி என்று எழுதினோம். இலங்கைத் தமிழர்கள் இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். இங்கே குடியரசுத் தலைவர் என்பது நிலைத்துவிட்டது. 2007-ல் பிரதிபா பாட்டீல் அம்மையார் அந்தப் பதவிக்கு வந்தபோது, 'பதி' என்ற ஆண்பாற் சொல்லை ஒரு ஸ்திரீக்கு எப்படி வழங்குவது என்று பண்டிதர்கள் விவாதித்தார்கள். 'முன்னால் உட்காருகிறவர்' என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திராது. உட்காருவதில் ஆண்பால் பெண்பால் ஏது?

தேசத்து விஷயம் போகட்டும். நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். கூட்டங்களுக்குப் போவது நமக்கு ஒரு வியாதி. ஆகையால் அக்கிராசனர்களை ஏராளமாகத் தரிசித்திருக்கிறோம். பிரசங்கியார் பேச வேண்டியதையெல்லாம் முகவுரையிலேயே பேசிவிட்டு, "அவர் இப்போது விரிவாகப் பேசுவார்" என்று சொல்லி உட்காருகிறவர் ஒருவகை. பிரசங்கம் முழுவதும் கண்ணை மூடித் தியானத்தில் இருந்துவிட்டு, கைதட்டல் கேட்டு விழித்து, "அருமையான கருத்துக்கள்" என்று ஆசீர்வதிக்கிறவர் இரண்டாம் வகை. மாலை விழுந்தவுடன், "அவசர வேலை இருக்கிறது" என்று எழுந்து போய்விடுகிறவர் மூன்றாம் வகை. இவரை முன்னால் உட்காருகிறவர் என்பதைவிட முன்னால் எழுந்திருக்கிறவர் என்பதே பொருந்தும்.

நாலாவது வகை ஒன்று உண்டு. அதை நாம் ஒரே ஒரு தடவை பார்த்தோம். எங்கள் வாசகசாலையின் முன்புறத்தில் நாலு கடைகள் கட்டி வாடகைக்கு விடுவது என்று ஒரு யோசனை வந்தது. வருமானம் வருமென்பதால் எல்லோருக்கும் ஆனந்தம். அன்று அக்கிராசனம் வகித்தவர் உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர். அவரும் கடைகளுக்கு அனுகூலமானவர்தான். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அந்த வேப்பமரத்தடியில்தான் சாயங்காலம் நாங்கள் படிக்கிறோம். எங்கள் வீட்டில் படிக்க இடமில்லை" என்று ஆரம்பித்தான். அவனுக்கு நாக்குத் திக்கும். நாலு பேர் சிரித்தார்கள். "உட்காரடா!" என்று இரண்டு பேர் அதட்டினார்கள்.

கிழவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அவன் பேசி முடிக்கிற வரையில் நானும் நிற்கிறேன். அவன் உட்கார்ந்த பிறகு நான் உட்காருவேன்" என்றார். அதிகமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. சபை அடங்கிவிட்டது. பையன் திக்கித் திக்கி ஐந்து நிமிஷம் பேசினான். பிறகு வாக்கெடுத்தார்கள். தீர்மானம் நிறைவேறத்தான் செய்தது. ஆனால் நாலு கடை இரண்டு கடையாயிற்று. வேப்பமரமும் அதன் நிழலும் தப்பின.

முன்னால் உட்காருகிறவரும் விலகி உட்காருகிறவரும் ஒரே வேரில் பிறந்தவர்கள் என்று முன்னே சொன்னோமல்லவா? அதன் தாத்பரியம் இதுதான். மாறுபட்டுப் பேசுகிறவனுக்குப் பேச இடம் கொடுப்பதற்காகவே முன்னால் ஒருவரை உட்கார வைக்கிறோம். எல்லோரும் ஒரே அபிப்பிராயத்தில் இருந்தால் அக்கிராசனருக்கு அங்கே என்ன வேலை? நம் அரசியல் சட்டமும் இந்தத் தர்மத்தை ஒப்புக்கொள்கிறது. பார்லிமெண்டு சபையில் ஆசனத்தில் அமர்ந்தவர் முதலில் வோட்டுப் போடக் கூடாது. இரு பக்கமும் சமமாக வந்தால் மாத்திரமே அவர் வோட்டு அளிக்கலாம். முன்னால் உட்காருகிறவருக்கு வோட்டு கடைசியில்தான்.

ஆசனத்தில் ஏறுவதற்கு விதிகள் இருப்பது போல் இறங்குவதற்கும் விதி வேண்டும். பராந்தக சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டிலே, வாரியத்தில் பதவி வகித்தவர் மூன்று வருஷம் கழிந்தாலன்றி மறுபடியும் வரக்கூடாதென்றும், கணக்குக் காட்டாதவரும் அவருடைய பந்துக்களும் வரவே கூடாதென்றும் விதித்திருக்கிறார்கள். அந்தக் குடவோலையில் பெயர் எழுதப்படும் உரிமை நிலமும் வேதப் படிப்பும் உடைய சிலருக்கே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இறங்கும் விதியை நன்றாக எழுதிய முன்னோர்கள் ஏறும் படியைக் குறுகலாகவே கட்டியிருந்தார்கள்.

அந்தப் படியை அகலமாக்கியது நம் குடியரசு. 1993-ல் அமுலுக்கு வந்த பஞ்சாயத்துச் சட்டத் திருத்தம் ஸ்திரீகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் ஊராட்சித் தலைவர் பதவிகளில் இடம் ஒதுக்கியது. தமிழ் நாட்டில் 12,000-க்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உண்டு. அவற்றின் பிரஸிடெண்டை ஜனங்களே நேராக வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடும் உண்டு. இதுவரையில் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது.

இனிமேல் சொல்வது இனிமையானதல்ல. மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊர்களில் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் முன்னால் உட்காருவதை மற்றவர்கள் பொறுக்காததால், பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடக்க முடியவில்லை, 2006-ல்தான் நடந்தது. அதே ஜில்லாவில் மேலவளவு ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனும் அவருடன் இருந்தவர்கள் சிலரும் 1997 ஜூன் 30-ம் தேதி பஸ்ஸில் வரும்போது வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். 2020-ல் கடலூர் ஜில்லாவில் எடுத்த ஒரு புகைப்படத்தைத் தமிழ் நாடே பார்த்தது. ஊராட்சிக் கூட்டம் நடக்கிறது. உபதலைவரும் மற்ற அங்கத்தினர்களும் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரஸிடெண்டான அம்மாள் தரையிலே உட்கார்ந்திருக்கிறார். வழக்குப் பதிவாயிற்று, பத்திரிகைகள் எழுதின, எல்லோரும் தலை குனிந்தோம்.

லத்தீன் பாஷையில் அவருடைய பதவிக்கு முன்னால் உட்காருகிறவர் என்று பொருள். நம் ஊரில் அவரை உட்காரவே விடவில்லை. பதவியைச் சட்டம் கொடுத்தது. நாற்காலியை ஜாதி பிடுங்கிக்கொண்டது. ஒரு வார்த்தையின் வேரைத் தேடிப் போனவர்கள் இந்த இடத்துக்கு வந்து நின்றால், அகராதியை மூடி வைத்துவிட்டு யோசிக்க வேண்டியதுதான். அமெரிக்கர்கள் பிரஸிடெண்டுக்கு எவ்வளவு நீண்ட பட்டம் கொடுப்பது என்று விவாதித்தார்கள். நாம் ஒரு பிரஸிடெண்டுக்கு ஒரு மர நாற்காலி கொடுப்பதா, வேண்டாமா என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கலாமா?

ஆசனத்தை விட்டு இறங்க மறுக்கிறவரால் வரும் தீங்கை எல்லோரும் அறிவார்கள். டாக்டர் அம்பேத்கர் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் தனிமனிதர் மீது வைக்கும் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். ஏற வேண்டியவரை ஏறவிடாத தீங்கும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஒன்றில் முன்னால் இருப்பவர் மேலே போய்விடுகிறார். மற்றொன்றில் முன்னால் இருக்க வேண்டியவரைக் கீழே தள்ளிவிடுகிறோம். இரண்டிலும் கெட்டுப்போவது எதிரே உட்கார்ந்திருக்கும் சபைதான், அதாவது நாம்தான்.

ஆகையால், வீட்டில் குழந்தைகள், "பிரஸிடெண்ட் என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டால், பெரிய அதிகாரி என்று சொல்லிவிட வேண்டாம். "முன்னால் உட்கார்ந்து எல்லோரையும் பேசவிடுகிறவர்" என்று சொல்லுங்கள். அடுத்த தடவை உங்கள் ஊரில் கூட்டம் நடக்கும்போது குழந்தையை அழைத்துக்கொண்டு போய், நாற்காலிகளை எண்ணச் சொல்லுங்கள். எத்தனை நாற்காலி இருக்கிறது, யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யாரை நிற்க வைத்திருக்கிறார்கள் என்று அது பார்க்கட்டும். அகராதியில் அகப்படாத அர்த்தம் அங்கே அகப்படும்.